இரண்டாம் லைனின் சூடு

வருத்தம் தெரிவித்தாகிவிட்டது. விசாரணையும் முடிந்துவிட்டது. இனி எதையாவது வாங்கினால்தான் நிர்வாகத்துக்குத் தூக்கம் வரும் என்ற நிலையில், பிஸ்கட் தொழிற்சாலையில் தெர்மல் கேமரா வாங்க ஒரு குழு போட்டார்கள்.

இறந்தவன் மின்பிரிவில் வேலை பார்த்தவன். வாயைத் திறந்தால் ஓடிக்கொண்டே இருப்பான் என்பதால் எல்லோருக்கும் அவன் 'மீட்டர்'. முதல் லைன் அடுப்புக்கு மின்சாரம் கொடுக்கும் பேனலில் கருகல் வாடை வருகிறது, போய்ப் பார் என்று அனுப்பினார்கள். லைனை நிறுத்திவிட்டுத்தான் பேனலைத் திறக்க வேண்டும் என்றது பாதுகாப்பு விதி. லைனை நிறுத்தவே கூடாது என்றது உற்பத்திப் பிரிவு. விதி சுவரில் மாட்டியிருந்தது. உற்பத்திப் பிரிவு பக்கத்தில் நின்றிருந்தது. மீட்டர் திறந்தான். உள்ளே வெடித்தது.

'கவனக்குறைவு' என்று விசாரணை ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. பாதுகாப்பு அதிகாரி அதோடு விடவில்லை. வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்தார்: 'அவசரம் ஆளைக் கொல்லும்.' கீழே ஒருவன் பேனலைத் திறப்பது போல ஓவியம். முகம் வரையவில்லை. ஆனால் வரைந்தவர் மீட்டரைத் தெரிந்தவர் போலிருக்கிறது; லேசாக இடப்பக்கம் சாய்ந்த தோளை அப்படியே வரைந்துவிட்டார்.

மீட்டரின் மனைவி தினமும் அந்தத் தோளைக் கடந்துதான் வேலைக்குப் போனாள். கருணை அடிப்படையில் அவளுக்குக் கொள்முதல் பிரிவில் வேலை கொடுத்திருந்தார்கள். மீட்டரின் தம்பி ஏற்கெனவே மின்பிரிவில்தான் இருந்தான்; அண்ணன் பார்த்த வேலை இப்போது அவனுக்கு வந்தது. நாளெல்லாம் சேர்த்து நாலு வார்த்தை பேசாதவனுக்கும் ஊழியர்கள் 'சின்ன மீட்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழிற்சாலையில் பெயரும் வாரிசு முறையில்தான் போகும். முதலாளிக்குப் பிறகு யார் என்பதும் அப்படித்தான் முடிவாகியிருந்தது. மகளைக் கட்டியவர் 'மாப்பிள்ளை' என்றே தொழிற்சாலை முழுக்க அறியப்பட்டார். கேமரா குழுவுக்கு அவர்தான் தலைவர்.

மீட்டரின் மனைவிக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அது நிஜமாகவே அவன் தப்புதானா?

வீட்டில் யாருக்கும் அந்தச் சந்தேகம் இல்லை. "அவன் பிறந்ததிலிருந்தே அவசரக்காரன்" என்பாள் மாமியார். "பானை கொதிக்கிறதுக்குள்ள மூடியைத் தூக்கிப் பார்ப்பான். எத்தனை தடவை கையைச் சுட்டுக்கிட்டிருக்கான் தெரியுமா?" சொல்லிவிட்டு அழுவாள். அழுது முடித்ததும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருக்கும். பிள்ளை போனதற்கு ஒரு காரணம் இருக்கிறதே.

*

குழுவின் முதல் கூட்டத்தில் மாப்பிள்ளை எழுந்து நின்று பேசினார். மீட்டரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்றார். ஈடுசெய்யத்தான் கேமரா வாங்குகிறோம் என்றும் அடுத்த வரியிலேயே சொன்னார். கொள்முதல் பிரிவு சார்பில் தேநீர்க் கோப்பைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் குறிப்பெடுத்துக்கொண்டாள்.

இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்திருந்தார்கள். முதலாமவர் கழுத்துப்பட்டை கட்டி, தங்க நிற விளிம்பு போட்ட கேமராவை வெல்வெட் பெட்டியிலிருந்து எடுத்தார். குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பவர்கள்கூட அவ்வளவு பயபக்தியோடு எடுப்பதில்லை. இரண்டாமவருக்குக் கடுமையான ஜலதோஷம். பழைய பையிலிருந்து செங்கல் போன்ற ஒன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தும்மினார்.

தங்க விளிம்புக் கேமராவின் திரை பெரிது. மாப்பிள்ளை அதை வாங்கி எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார். பாதுகாப்பு அதிகாரி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தார். ஜலதோஷக்காரரின் மூக்கு மட்டும் கருநீலத்தில் இருந்தது.

"யோவ், இவருக்கு மூக்கே இல்லய்யா!" என்று மாப்பிள்ளை குதூகலித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஜலதோஷக்காரரும் சிரித்தார், வியாபாரம் அப்படிப்பட்டது.

"மூக்கு ஜில்லுன்னு இருக்குங்க சார். இது வெளிச்சத்தைப் பார்க்கிறதில்ல. ஒவ்வொரு பொருள்ல இருந்தும் வர்ற சூட்டைப் பார்க்குது. அதை நிறமா மாத்திக் காட்டுது, அவ்வளவுதான்" என்று அவரே விளக்கினார்.

"சுவருக்குப் பின்னாடி தெரியுமா?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"தெரியாதுங்க."

"என்னது, தெரியாதா?" மாப்பிள்ளைக்கு ஏமாற்றம். "சினிமாவுல தெரியுதே?"

"கண்ணாடிக்குப் பின்னாடியே தெரியாதுங்க சார்."

மாப்பிள்ளை நம்பவில்லை. அறையின் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே பாதுகாப்பு அதிகாரியை நிறுத்திவிட்டுக் கேமராவைத் திருப்பினார். திரையில் கேமராவைப் பிடித்த ஓர் உருவம் தெரிந்தது. "தெரியுதே! இதோ நிக்கிறாரே!" என்றார். பாதுகாப்பு அதிகாரி இடக்கையைத் தூக்கினார். திரையில் இருந்தவர் தூக்கவில்லை. மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். திரையில் இருந்தவரும் சொறிந்தார். கண்ணாடியில் பட்டுத் திரும்பிய தன் சூட்டையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மாப்பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

"ஆள் எந்திரிச்சுப் போன நாற்காலி தெரியுமா?" என்று உள்ளே வந்த பாதுகாப்பு அதிகாரி கேட்டார். அவர் கூட்ட அறையிலும் தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை.

"கொஞ்ச நேரத்துக்குத் தெரியும்."

"அப்போ வேலை நேரத்துல யார் உட்கார்ந்தே இருந்தாங்கன்னு கண்டுபிடிச்சிரலாம்!"

குழு முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தது. எந்தக் கேமரா நாற்காலியை அதிக நேரம் காட்டும் என்பது பற்றி விரிவான விவாதம் நடந்தது. அவள் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே ஜலதோஷக்காரரிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சார், பேனல்ல எதைப் பார்ப்பீங்க?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஜாயின்ட்டைம்மா. செம்புப் பட்டையும் பட்டையும் சேர்ற இடம். போல்ட் தளர்ந்தா அந்த இடம் மட்டும் சுடும். வெளியில இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. சுட்டுச் சுட்டு ஒரு நாள் போயிரும்."

*

மறுநாள் தேநீர் இடைவேளையில் சின்ன மீட்டர் இரண்டாம் லைன் பேனலின் பின்தகட்டைக் கழற்றி வைத்தான். அது முதல் லைன் பேனலின் இரட்டைப் பிறவி; ஒரே கம்பெனி, ஒரே வாரத்தில் பொருத்தியது. தகட்டைக் கழற்றியவன் உள்ளே ஸ்பானரை நீட்டப் போனபோது பாதுகாப்பு அதிகாரி தடுத்தார். "எதையும் தொடாதே. ரெண்டு கேமராவுக்கும் ஒரே பரீட்சை வைக்கணும். நீயே திருத்திட்டா அப்புறம் அதுங்க எதைக் கண்டுபிடிக்கும்?" நியாயம்தானே என்று அவனும் யாரும் நெருங்காதபடி மஞ்சள் கயிறு கட்டிவிட்டு, அரை நாள் விடுப்பில் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிப்போய்விட்டான். அடுப்பு முழுவீச்சில் ஓடத் தொடங்கியதும் குழு வந்து கயிற்றுக்கு வெளியே நின்றது. எங்கும் வெனிலா வாசனை. மீட்டர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் சட்டையில் இருந்த வாசனை. அவள் வாயால் மூச்சு விட்டாள்.

முதலில் தங்க விளிம்பு. திரையில் பேனல் முழுவதும் பச்சையும் மஞ்சளுமாக அழகாக விரிந்தது. "எல்லாம் நார்மல்" என்றார் கழுத்துப்பட்டைக்காரர். குழு மூச்சுவிட்டது. மாப்பிள்ளை அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். முகப்புப் படமாக வைக்கலாம் போலிருந்தது.

அடுத்தது செங்கல். அதன் முன்பக்கம் ஒரு நீள லென்ஸ். ஜலதோஷக்காரர் வளையத்தைத் திருகித் திருகிப் பார்த்தார். பிறகு தும்மல் வந்தும் தும்மாமல் நின்றார்.

சின்னத் திரையில் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் நூற்றுக்கு மேலே ஓர் எண்.

குழுவினர் கழுத்தை நீட்டி அந்த எண்ணைப் படித்தார்கள். கடைசியில் பாதுகாப்பு அதிகாரி, "வெயில் படுதோ?" என்றார். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

"அடுப்புச் சூடா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"அடுப்புச் சூடுன்னா பக்கம் பக்கமா இருக்கிற மூணு ஜாயின்ட்டும் ஒரே மாதிரி சுடணுங்க சார். ஒண்ணு மட்டும் சுடுது."

"அப்புறம் ஏன் இவரு கேமராவுல தெரியல?"

"அதுவும் பொய் சொல்லல சார். அதுல பிக்சல் புள்ளி கம்மி, பார்வை அகலம். இவ்வளவு தூரத்துல இருந்து பார்த்தா ஒரே புள்ளிக்குள்ள ஜாயின்ட்டும் விழுது, சுத்தியிருக்கிற தகடும் விழுது. ரெண்டையும் கலந்து சராசரி சொல்லிருது."

கழுத்துப்பட்டைக்காரர் குறுக்கிட்டார். "கிட்டப் போய்ப் பார்த்தா நம்மதும் கரெக்டா காட்டும் சார்!"

"எவ்வளவு கிட்ட?" என்று கேட்டது அவள். தேநீர் கொண்டுவராத நேரத்தில் அவள் பேசியது குழுவுக்குக் கொஞ்சம் ஆச்சரியம்.

"ஒரு கை நீட்டுற தூரம், மேடம். அவ்வளவுதான்."

அவள் கயிற்றைப் பார்த்தாள். திறந்த பேனலைப் பார்த்தாள். அவள் கண்ணில் இப்போது கேமராக்கள் இல்லை. ஒருவன் நிற்க வேண்டிய இரண்டு இடங்கள் இருந்தன.

"முதல் லைன்லயும் இதே பேனல்தான் சார்" என்றாள். "அன்னிக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

"அது விசாரணை முடிஞ்ச விஷயம்மா" என்றார் பாதுகாப்பு அதிகாரி, மிகுந்த கருணையோடு.

ஜலதோஷக்காரர் போகும்போது, அன்று நடந்ததைச் சொல்லிக்கொண்டே வாசல்வரை அவளும் போனாள். அவர் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எரிஞ்சு போனதை எந்தக் கேமராவும் பார்க்க முடியாதும்மா. ஆனா வெடிக்கிறதுக்கு முன்னாடியே கருகல் வாடை வந்துச்சுன்னு சொல்றீங்க. வாடை வந்துச்சுன்னா, திறக்கிறதுக்கு முன்னாடியே உள்ள வெந்துட்டு இருந்திருக்கு. அவர் திறந்ததால வெந்து போகல. அவர் திறக்காம இருந்தாலும் அது போயிருக்கும். அவர் அங்க நின்னதுதான் அவர் செஞ்சது."

"அப்போ அவர் தப்பில்ல?"

"நிக்கிறது தப்புன்னா தப்பு" என்று சொல்லிவிட்டு, அடக்கிவைத்திருந்த தும்மலை அப்போதுதான் தும்மினார்.

*

குழு முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. ஒரு கேமரா கோளாறு இருக்கிறது என்கிறது. இன்னொன்று இல்லை என்கிறது. இப்படிக் கருத்து வேறுபாடு வரும்போது நிர்வாகம் பதற்றமில்லாத தரப்பைத்தான் எடுக்கும். செங்கல் கேமரா சொன்னதை ஒப்புக்கொண்டால் அடுப்பை அணைத்து, ஜாயின்ட்டைக் கழற்றி, கருகியதைச் சுரண்டி, புது போல்ட் போட வேண்டும். ஆர்டர் குவிந்து கிடந்தது. அதைவிட, ஒரே மாதிரியான இரண்டு பேனலில் ஒன்றில் கோளாறு என்றால் இன்னொன்றின் விசாரணையைத் திறக்கச் சொல்லி யாராவது கேட்டுத் தொலைப்பார்கள். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. 'பயன்படுத்த எளிது, திரை பெரிது' என்று மட்டும் சொன்னார்கள்.

தங்க விளிம்பு வென்றது. இரண்டாம் லைன் ஜாயின்ட்டை அடுத்த பெரிய பராமரிப்பு நிறுத்தம்வரை 'தொடர் கண்காணிப்பில்' வைப்பதென்றும் தீர்மானமானது. பின்தகடு கழற்றியபடியே இருக்கும். தினமும் ஒருவர் கேமராவோடு போய்ப் பார்ப்பார். அந்த ஒருவர் யார் என்று கேட்கவே தேவையிருக்கவில்லை.

அன்று மாலை வீட்டில் சின்ன மீட்டர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தான். மாமியார் உள்ளே படுத்திருந்தாள். மீட்டரின் மனைவி அவனுக்குத் துண்டை நீட்டினாள்.

"தம்பி, உங்க அண்ணன் மேல தப்பில்ல."

அவன் கை துடைப்பதை நிறுத்தினான்.

ஜலதோஷக்காரர் சொன்னதையெல்லாம் சொன்னாள். வெள்ளைப் புள்ளி, மூன்று ஜாயின்ட், கருகல் வாடை. சொல்லச் சொல்ல அவள் குரல் லேசாகிக்கொண்டே வந்தது. "அவர் அவசரப்படலப்பா. அவர் சரியாத்தான் செஞ்சிருக்கார். நிதானமாப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அத்தைகிட்டயும் சொல்லணும்" என்றாள்.

அவன் முகத்தில் அவள் எதிர்பார்த்தது வரவில்லை. துண்டை மடித்தான். மறுபடி பிரித்தான்.

"இதை ஏன் அண்ணி என்கிட்ட சொன்னீங்க?"

"என்னப்பா இப்படிக் கேக்கறே?"

"தினமும் அந்தப் பேனல் முன்னாடி போய் நிக்கும்போது ஒண்ணு சொல்லிக்குவேன். அண்ணன் அவசரப்பட்டுட்டான். நான் பட மாட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகாது." அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. "அவன் தப்பு பண்ணலைன்னா நான் எதைச் சொல்லிக்கிட்டு நிக்கிறது?"

அவள் துண்டை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"போகாதே. வேற வேலை தேடிக்கலாம்."

"தேடிக்கலாம். கிடைக்கிற வரைக்கும்?" உள்ளே அம்மா இருமும் சத்தம் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அப்புறம் அவங்க பயந்துபோய் என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாங்க."

அவள் மறுநாள் காலை மாப்பிள்ளையின் அறைக்குப் போனாள். நீள லென்ஸ் வைத்த கேமராதான் வேண்டும், அதுதான் ஆளைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்தும் என்றாள். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். உங்கள் உணர்வு எனக்குப் புரிகிறது என்றார். உணர்வு என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குமேல் அந்த அறையில் தூரத்தைப் பற்றிப் பேச முடியாது.

*

கேமரா வந்த அன்று இரண்டாம் லைனில் சிறு விழா ஏற்பாடானது. ரிப்பன் கட்டினார்கள். கயிறு ஏற்கெனவே இருந்ததால் இன்னொன்று எதற்கு என்று யாரோ கேட்க, ரிப்பன் வெட்டுவதற்கு, கயிறு வெட்டக் கூடாதது என்று பாதுகாப்பு அதிகாரி விளக்கினார். மாப்பிள்ளை ரிப்பனை வெட்டினார். கேமராவைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்.

"சார்தான் முதல் அளவை எடுக்கணும்" என்றார் கூட்டத்தில் ஒருவர், உற்சாகத்தில்.

மாப்பிள்ளை கயிறுவரை போனார். அதற்கு அப்பால் இருட்டாகத் திறந்து கிடந்த பேனலைப் பார்த்தார். "நான் செஞ்சா அது விளம்பரமாயிரும். உழைக்கிறவங்க கையில்தான் இது அழகு" என்று சொல்லித் திரும்பினார். பலத்த கைதட்டல். கைதட்டிக்கொண்டே குழு முழுவதும் ஓரடி பின்னால் நகர்ந்தது. எல்லோரும் நின்ற இடம், நீள லென்ஸ் கேமரா கேட்ட அதே தூரம்.

சின்ன மீட்டர் கேமராவை வாங்கிக்கொண்டான். தடித்த கையுறையும் முகக்கவசமும் போட்டிருந்தான். கவசத்துக்குள் அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. கேமரா திரையில் படம் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருப்பது மட்டும் தெரிந்தது.

கயிற்றருகே போனவன் நின்றான். திரும்பிக் கூட்டத்தில் அவளைத் தேடினான்.

"என்னப்பா?" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

அவன் அவரைப் பார்க்கவில்லை.

"அண்ணி." அவன் குரல் கவசத்துக்குள் மங்கலாக ஒலித்தது. "அண்ணன் அவசரப்பட்டுத்தானே திறந்தான்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். வெனிலா வாசனை முகத்தில் அடித்தது. எத்தனை பேரிடம் இல்லை என்று சொல்வதற்காக அவள் காத்திருந்தாள். மாமியாரிடம், பலகை வரைந்தவரிடம், இதோ எதிரில் தலைக்கவசத்தோடு நிற்பவரிடம். மொத்தப் பேரும் ஒரே இடத்தில் காது கொடுத்து நிற்கிறார்கள்.

"ஆமா தம்பி" என்றாள். "உங்க அண்ணன் அவசரக்காரர். ரொம்ப அவசரக்காரர். நீ நிதானமா பார்த்துட்டு வா."

பாதுகாப்பு அதிகாரி மாப்பிள்ளையின் பக்கம் சாய்ந்தார். "பார்த்தீங்களா சார், குடும்பமே ஒத்துக்கிச்சு."

சின்ன மீட்டர் தலையாட்டினான். திரையில் படத்தின் ஆட்டம் கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. குனிந்து, கயிற்றைத் தாண்டி உள்ளே போனான்.